மணலுக்குப் பதிலாக ஆலைக் கழிவு

கான்கிரீட் கலவை போட்டுச் சோதிப்பதுதான் என் வேலை. மணலுக்கு மாற்று என்று எந்த ஆலைக் கழிவு வந்தாலும், அது எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்றுதான் முதலில் பார்ப்பேன். வலிமையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது காப்பர் ஸ்லாக், அதாவது செம்பு உருக்கும்போது மிஞ்சும் கசடு. கறுப்பாக, கண்ணாடித் தன்மையோடு வழவழவென்று இருக்கும். தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சவே உறிஞ்சாது. அதனால் அதே தண்ணீரில் கலவை இன்னும் நன்றாக இளகி வரும். அளவு மீறினால் அதுவே வம்பு. மணலில் பாதிக்கு மேல் மாற்றினால் பெரும்பாலும் தண்ணீர் மேலே கசிந்து நிற்கும், வலிமையும் இறங்கத் தொடங்கும். இன்னொன்று, இதன் ஒப்படர்த்தி (அதே அளவு தண்ணீரைப் போல எத்தனை மடங்கு எடை என்ற கணக்கு) சுமார் 3.5, ஆற்று மணலுக்கு 2.65 அளவில்தான். எடைக்கு எடை மாற்றினால் கலவையின் மொத்தக் கொள்ளளவு குறைந்துவிடும். கன அளவில்தான் கணக்குப் போட வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் தராசோடு வந்து நிற்பார்!

அனல் மின் நிலையத்தின் அடிச்சாம்பல், அதாவது நிலக்கரி எரிந்து உலையின் அடியில் விழும் சாம்பல், இதற்கு நேர் எதிர். துளை துளையாக இருப்பதால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முன்கூட்டியே நனைத்து வைத்தால் சமாளிக்கலாம்.

ஸ்டீல் ஸ்லாக், அதாவது எஃகு ஆலைக் கசடு என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். அதில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்பு ஈரம் பட்டால் உப்பும். இறுகிய கான்கிரீட்டே விரிசல் விடும். வெட்டவெளியில் மாதக்கணக்கில் நனைந்து பதப்பட்ட சரக்கா என்று கேட்காமல் தொடுவதில்லை. கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது, சரி, வரட்டும்.