மலையோர வீட்டுக்கும் அதே கட்டணம்

அஞ்சல் துறையைத் தனியாரிடம் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 1840-க்கு முன் பிரிட்டனில் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் அதைக் கொடுக்க வேண்டும். காசில்லாதவர்கள் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். ஒரு பென்னி கட்டணம் வந்த பிறகுதான் பக்கத்துத் தெருவுக்கும் நாட்டின் மறுகோடிக்கும் ஒரே விலை என்றானது. நகரத்துக் கடிதங்களில் மிஞ்சும் பணம்தான் மலைமேல் இருக்கும் ஒற்றை வீட்டுக்கான செலவை ஈடுகட்டுகிறது. லாபக் கணக்கில் முதலில் அடிபடுவது அந்த வீடுதான்.

அதே பிரிட்டன் 2013-இல் தன் அஞ்சல் நிறுவனமான ராயல் மெயிலைத் தனியார்மயமாக்கியது. கடிதங்கள் தாமதமாவதற்காக அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அதற்குப் பலமுறை அபராதம் விதித்திருக்கிறது.

அரசு நடத்தினால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். டென்மார்க்கில் எல்லா வீட்டுக்கும் கடிதம் கொண்டுசேர்க்கும் கடமையைச் சட்டம் நீக்கியதும், அரசுக்குச் சொந்தமான அஞ்சல் நிறுவனம் போஸ்ட்நோர்டே 2025 முடிவோடு கடித விநியோகத்தை நிறுத்திவிட்டது.