கிட்னி மாத்தினவங்களும் ஈரலும்

எங்கட மாமாக்கு கிட்னி மாத்தி கொஞ்ச வருசமாகுது, களுவாஞ்சிக்குடிலதான் வீடு. ஆரு பாக்க வந்தாலும் ஒரே கதைதான், இவ்வளவு குளிசையும் போட்டா ஈரல் என்னத்துக்காகும், கொஞ்சம் குறைங்க மச்சான் எண்டு. கேக்க கேக்க எனக்கு பத்திக்கொண்டு வருது.

அவரு போடுற முக்கியமான குளிசை டெக்ரோலிமஸ். 1984ல ஜப்பான்ல சுக்குபா எண்ட இடத்து மண்ணுல இருந்த ஒரு கிருமில இருந்து கண்டுபிடிச்சது. உடம்பு புதுக் கிட்னிய வேறாள் எண்டு அடிக்காம இருக்க எதிர்ப்புச் சக்திய அடக்கி வெச்சிருக்கும். இத உடைச்சு வெளியாக்கிறதே ஈரல்தான். ஈரல் பழுதாகிட்டெண்டா வழமையான அளவு போட்டாலும் ரத்தத்துல குளிசை கூடிரும், கை நடுங்கும், பொட்டாசியம் சீனி எல்லாம் ஏறும், கடைசில அந்தப் புதுக் கிட்னிக்கே அடி விழும். அதுக்குத்தான் ரத்தத்துல குளிசை எவ்வளவு இருக்கெண்டு லெவல் பாக்கிற. கிளினிக் நாளையில மாமா காலைக் குளிசைய ஒரு சின்ன கடதாசில சுத்தி சேட் பொக்கட்டுல வெச்சுக்கொண்டு போவாரு, ரத்தம் குடுத்த பிறகுதான் வாய்க்குள்ள போடுவாரு, முந்திப் போட்டா லெவல் பிழையாக் காட்டும்.

எதிர்ப்புச் சக்திய அடக்கிற இன்னொரு குளிசை அசதியோபிரின், அது சில ஆக்களுக்கு ஈரல் டெஸ்ட்ட கூட்டத்தான் செய்யும், அது உண்மை. ஆனா எதிர்ப்புச் சக்தியே ஈரல அடிக்கிற ஒரு வருத்தம் இருக்கு, அதுக்கு குடுக்கிறதும் இதே அசதியோபிரின்தான்! இப்ப என்ன சொல்லப்போறீங்க?

எனக்கு குளிசைய விட பயம் வைரஸ்தான். ஹெபடைடிஸ் பி எப்பயோ வந்து மாறின மாதிரி இருந்தாலும் ஈரல் செல்லுக்குள்ள ஒளிச்சிருக்கும், எதிர்ப்புச் சக்திய அடக்கினதும் திரும்ப எழும்பும், ஆளுக்கு ஒண்டும் தெரியா, மறுகா பாத்தா ஈரல் சுருங்கிப் போயிருக்கும். இலங்கைல புள்ளையளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2003லதான் தொடங்கின, மாமாட வயசு ஆக்கள் ஒருத்தரும் சின்னதுல போட்டிருக்க மாட்டாங்க. அதால மாத்த முதலே பழைய தொற்று இருக்கா எண்டு ரத்தத்துல பாத்து, தேவையான ஆக்களுக்கு என்டெகாவிர் இல்லாட்டி டெனோபோவிர் குடுத்து வைரஸ அமத்தி வெப்பாங்க.

இன்னொண்டு ஹெபடைடிஸ் ஈ. நம்மட பக்கத்து நாடுகள்ல ஊத்தைத் தண்ணியால வாற வகை பொதுவா வந்து மாறிப்போயிரும். ஐரோப்பால பண்டி இறைச்சியால வாற வகை வேற, அது உறுப்பு மாத்தினவங்கட ஈரல்ல மாறாமலே தங்கிரும் எண்டு பிரான்ஸ் டாக்டர்மார் 2008ல எழுதினாங்க. அப்பிடித் தங்கினா முதல் வைத்தியமே எதிர்ப்புச் சக்திய அடக்கிற குளிசைய குறைக்கிறதுதான், மூண்டுல ஒராளுக்கு அதோடயே வைரஸ் போயிரும், மத்த ஆக்களுக்கு ரிபாவிரின் எண்ட வைரஸ் மருந்து. ஆ, அப்ப குறைக்கலாம்தானே எண்டு மச்சான்மார் குதிக்கவேணாம், அது லெவல் பாத்து பாத்து டாக்டர் குறைக்கிற, நாம வீட்ட இருந்து குறைச்சா கிட்னி போயிரும். அம்பாறைப் பக்கம் காட்டுப்பண்டி திண்ணுற ஆக்களும் நல்லா வேகவெச்சுத் திண்ணுங்க.

மறுகா நம்மட ஊரு வைத்தியம். கண் மஞ்சளாகிட்டெண்டா செங்கமாரி எண்டு உடனே கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுக்கிற. மாத்தின ஆளுக்கு கண் மஞ்சளானா அண்டைக்கே கிளினிக் போகவேணும், அரைச்சுக்கொண்டு இருக்க நேரமில்ல. சீந்தில் அதவிட மோசம், கொரோனா நேரம் அதக் குடிச்சு ஈரல் பழுதான ஆக்களப்பத்தி மும்பை டாக்டர்மார் 2021ல எழுதியிருக்காங்க. எதிர்ப்புச் சக்திய கூட்டும் எண்டு விக்கிற சாமான அத அடக்க குளிசை போடுற ஆளுக்கு ஆரும் குடுப்பாங்களா? மாமி ஒரு போத்தல் வாங்கி அலுமாரிக்குள்ள வெச்சிருக்கா, இன்னும் எறியல்ல.

பார்மசில கேட்டு தானா மருந்து வாங்கிப் போடுறதும் அப்பிடித்தான். பங்கசுக்கு குடுக்கிற புளுகோனசோல், சளிக்கு குடுக்கிற கிளரித்ரோமைசின் ரெண்டும் ஈரல்ல டெக்ரோலிமஸ் உடையிறத மறிச்சு லெவல ஏத்திரும், காசநோய் குளிசை ரிபாம்பிசின் எண்டா தலைகீழா இறக்கிரும். மாமா எங்க போனாலும் கிளினிக் கொப்பியோடதான் போறவரு. அடுத்த முறைக்கு ஹெபடைடிஸ் பி ரிப்போட் கேட்டிருக்காங்க, வந்தா எழுதுறன்.