முட்கம்பிக்கு இன்னொரு பெயர்

நன்றி சொல்லத்தான் அந்தச் சொல்லை எடுத்தேன். பெர்லினில் மொழி வகுப்பு முடிகிற நாள். எல்லோரும் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமையில் நான் மச்சம் தொடமாட்டேன் என்பது ஆசிரியைக்குத் தெரியும். இறைச்சி போடாத உருளைக்கிழங்குச் சாலட் செய்து, மூடியில் என் பெயரையும் ஒட்டி எடுத்துவந்திருந்தார். மனம் நெகிழ்ந்து எழுந்து நின்று, ‘இந்த ஸோண்டர்பெஹான்ட்லுங்குக்கு மிக்க நன்றி’ என்றேன். ‘ஸோண்டர்’ என்றால் விசேடம், ‘பெஹான்ட்லுங்’ என்றால் கவனிப்பு. ஆசிரியையின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

அதுவரை இந்த மொழியில் எனக்குப் பிடித்ததே சொல்லோடு சொல் ஒட்டுகிற இந்த விளையாட்டுத்தான். கையுறை இவர்களுக்குக் கைச்சப்பாத்து. ஆமை கேடயத் தேரை. குளிர்சாதனப் பெட்டி குளிர் அலுமாரி. ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் சின்னம்மாவுக்குப் புதிதாக ஒன்று சொல்வேன். கேடயத் தேரையைக் கேட்டு அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

எல்லோரும் போனபின் ஆசிரியை என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். நாஜி ஆட்சியின் கோப்புகளில் அந்தச் சொல்லுக்குக் கொலை என்று பொருள் என்றார். அவர் கோபப்படவில்லை. அவருடைய மொழிக்கு நேர்ந்ததை என்னிடம் சொல்ல வேண்டியிருந்ததே என்ற கூச்சம்தான் முகத்தில் தெரிந்தது.

அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை. தேடித் தேடி வாசித்தேன். 1943இல் ரிச்சர்ட் கோர்ஹெர் என்ற புள்ளிவிவர அதிகாரி, யூதர்களை அழிப்பதற்கு அவர்கள் வைத்த பெயரான ‘இறுதித் தீர்வு’ எதுவரை வந்திருக்கிறது என்று நாஜி எஸ்.எஸ். படையின் தலைவர் ஹிம்லருக்கு அறிக்கை எழுதினார். அதில் ‘ஸோண்டர்பெஹான்ட்லுங்’ இருந்தது. அந்தச் சொல் எங்குமே வரக்கூடாது என்று ஹிம்லர் உத்தரவிட்டார். பிணத்தை மூட விரித்த துணியே நாறத் தொடங்கிவிட்டது, இன்னொரு துணி வேண்டியிருந்தது. ‘முகாம்கள் ஊடாகக் கடத்தி அனுப்பப்பட்டோர்’ என்று மாற்றினார்கள். ஆக்கிரமித்த போலந்தின் நடுப்பகுதியில் இருந்த முகாம்களில் மட்டும் அப்படி 12,74,166 பேர். கடைசி ஆறு பேர்வரை கணக்கு இருக்கிறது. அந்த ஆறு பேரை நினைத்து ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தேன்.

டிரெஸ்டனில் விக்டர் கிளம்பெரர் என்ற பேராசிரியர் இருந்தார். யூதர் என்பதற்காக 1935இல் வேலையைப் பறித்தார்கள். அவர் உயிரைப் பணயம் வைத்து அந்த ஆட்சியின் சொற்களை நாட்குறிப்பில் சேர்த்துவைத்தார். அது 1947இல் புத்தகமானது. ‘வெறி’ என்பது எப்படிப் பாராட்டுச் சொல்லாயிற்று என்று அதில் காட்டுகிறார். நான் புத்தகத்தை மூடிவைத்தது வேறோர் இடத்தில். வதைபட்ட யூதர்களின் வாயிலும் வதைத்தவர்களின் சொற்களே புழங்கின என்று அவர் எழுதியிருந்தார்.

எங்கள் மாமா 1984இல் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து மேற்குக்கு வந்தவர். அப்போது எங்கள் ஆட்கள் பலருக்கும் அதுதான் வழி. பெர்லினைப் பிரித்த சுவருக்குக் கிழக்கு ஜெர்மன் அரசு வைத்த பெயர் ‘பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண்’. பிள்ளைகள் அப்படித்தான் படித்தார்கள். ‘ஆனால் துவக்குகள் தங்கள் சனத்தைப் பார்த்தல்லவா நின்றன’ என்பார் மாமா.

இங்கு வந்து ஆறு வருடமாகிறது. குளிர் பழகிவிட்டது. நல்ல புளி எந்தக் கடையில் கிடைக்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்கிறேன். ஊர் நினைவு அடங்கிவிட்டது என்றே எண்ணியிருந்தேன். ஆனால் கிளம்பெரரை மூடிவைத்த அன்று கண்முன் நின்றது வவுனியா. 2009. நடந்த போருக்கு அரசு வைத்த பெயர் ‘மனிதாபிமான நடவடிக்கை’. அதிலிருந்து உயிர் தப்பிய 2,50,000-க்கும் மேற்பட்டவர்களை முட்கம்பிக்குள் அடைத்த இடங்களின் பெயர் ‘நலன்புரிக் கிராமங்கள்’. சின்னம்மா அங்கே ஏழு மாதம் இருந்தார். அம்மாவோடு பார்க்கப் போனேன். வேலிக்கு அப்பால் நின்றபடி இரண்டு விரலை மட்டும் கம்பிக்குள்ளால் நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். விரல்களில் புழுதி.

போன ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது சின்னம்மா சொன்னார்: “நலன்புரியில் இருந்தபோது குடித்த கஞ்சி மாதிரி இருக்கிறது இன்றைய கஞ்சி.”

“அது நலன்புரி இல்லை சின்னம்மா. தடுப்பு முகாம்.” என் குரல் உயர்ந்துவிட்டது.

“எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள், பிள்ளை.”

“முட்கம்பி இருந்ததா, இல்லையா?”

“இருந்தது. அதில்தானே உடுப்புக் காயப்போட்டோம்.”