ஏழு பெயர்கள்

போன வருஷம் ஆறு வாரம் நான் வாய் திறக்கவில்லை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கபடிக்கும் கால்பந்துக்கும் தமிழில் நேர்முக வர்ணனை சொல்வது என் வேலை. பன்னிரண்டு வருஷம் கத்திக் கத்தித் தொண்டையில், குரல்நாண்களின் மேல், சின்ன முடிச்சுகள் விழுந்திருந்தன. ஆசிரியர்களுக்கும் மேடைப் பாடகர்களுக்கும் வருகிற அதே தொல்லை. "ரகசியம் பேசுகிற மாதிரி மெதுவாகவும் பேசாதீங்க, அது இன்னும் கெடுதல்" என்றார். மகனின் சிலேட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். 'சாவி எங்கே', 'போதும்', 'நாளைக்கு' என்று எழுதிக் காட்டுவேன். இரண்டாவது வாரத்தில் எழுதவும் பிடிக்காமல் போனது. குரல் திரும்பாவிட்டால் வேறு என்ன வேலை தெரியும் எனக்கு என்ற பயம்தான் காரணம்.

அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே ஒருவரின் குரலை. கிளிஃப் மார்கன். வேல்ஸ் நாட்டு ரக்பி வீரர், பிறகு பிபிசி ஒலிபரப்பாளர். நம் பக்கத்தில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. என் தொழிலில் இருப்பவர்கள் ஒருமுறையாவது அவரைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

1930இல் ரொண்டா பள்ளத்தாக்கில் ட்ரெபானக் என்ற ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கம், தேவாலயப் பாட்டு, ரக்பி, இந்த மூன்றும்தான் அந்தப் பகுதியின் வாழ்க்கை. அப்பா சுரங்கத் தொழிலாளி. மகன் கார்டிஃப் அணிக்கு ஆடப் போனார், 1951இல் வேல்ஸ் அணிக்கு வந்தார், 1958இல் ஓய்வு பெறுவதற்குள் நாட்டுக்காக 29 ஆட்டங்கள் ஆடினார். 1955இல், பிரிட்டன், அயர்லாந்து வீரர்களைச் சேர்த்து அமைக்கிற பிரிட்டிஷ் லயன்ஸ் அணியோடு தென்னாப்பிரிக்கா சென்றார். ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் 90,000 பேருக்கு மேல் கூடியிருந்த முதல் டெஸ்டில், ஒருவர் காயம்பட்டு வெளியேற, மாற்று ஆள் இறக்க விதி இல்லாத காலம் அது, 14 பேரோடு ஆடி 23-22 என்று லயன்ஸ் ஜெயித்தது. எதிரணி வீரரைத் தாண்டி ஓடி அதில் ஒரு ட்ரை வைத்தவர் மார்கன். எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி எடுப்பதுதான் ட்ரை.

அவர் ஆடிய இடம் ஃபிளை-ஹாஃப், பத்தாம் எண். ரக்பி பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். பந்து பத்தாம் எண்ணிடம் வருகிற அதே நேரத்தில் எதிரணியின் இரண்டு மூன்று பேர் அவர் மேல் பாய்ந்து வருவார்கள். ஓடுவதா, உதைப்பதா, கொடுப்பதா, கொடுத்தால் யாரிடம் என்பதைப் பந்து கைக்கு வரும் முன்னே முடிவு செய்திருக்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தலைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வர்ணனையாளருக்கு வேண்டியதும் அதுதான். அவர் மைக்குக்கு வந்தபோது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது பாதிதான் என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஓய்வு பெற்ற கையோடு பிபிசி வேல்ஸில் சேர்ந்தார். நிகழ்ச்சித் தயாரிப்பு, விளையாட்டு நிகழ்ச்சி ஆசிரியர் பொறுப்பு என்று படிப்படியாக வளர்ந்தார். அப்புறம் 1972இல், வேலையாக ஜெர்மனிக்குப் போன இடத்தில், பக்கவாதம் வந்தது. நாற்பதைத் தாண்டிய புதிது. உடம்பின் ஒரு பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. குரலை வைத்துப் பிழைக்கிற மனிதருக்கு! சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படித்தபோது என் கண் நனைந்துவிட்டது. என்னுடையது ஆறு வாரக் கட்டளை, அவருடையது அப்படியில்லை. ஒவ்வொரு சொல்லாகப் பேச்சை மீட்டார்.

அடுத்த ஜனவரி 27, 1973. கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க். நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணிக்கும் பார்பேரியன்ஸ் அணிக்கும் ஆட்டம். பார்பேரியன்ஸ் என்பது பல கிளப்புகளிலிருந்து அழைத்துச் சேர்க்கிற அணி. அன்று வர்ணனை சொல்ல வேண்டியவர் பில் மக்லாரன். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே மார்கனை உட்கார வைத்தார்கள். பக்கவாதம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் நியூசிலாந்தின் பிரையன் வில்லியம்ஸ் பந்தை உயரமாக உதைக்கிறார். பார்பேரியன்ஸின் ஃபில் பென்னட் தன் கோல் கம்பத்துப் பக்கமாகப் பின்னால் ஓடிப் பந்தை எடுக்கிறார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் வெளியே உதைத்துவிட்டு மூச்சு வாங்குவார்கள். பென்னட் திரும்புகிறார். பாய்ந்து வந்த கறுப்புச் சட்டைக்காரர்களை ஒருவர் பின் ஒருவராக, உடம்பை இந்தப் பக்கம் சாய்த்து அந்தப் பக்கம் விலகி, வெறும் காலசைவில் ஏமாற்றுகிறார். பந்து ஜே.பி.ஆர். வில்லியம்ஸிடம் போகிறது. கழுத்தைச் சுற்றிக் கை விழுந்தும் அவர் பந்தை விடவில்லை, ஜான் புல்லினிடம் கொடுக்கிறார். அங்கிருந்து ஜான் டாஸ், டாம் டேவிட், டெரெக் குவின்னல். கடைசியில் எங்கிருந்தோ வந்த கேரத் எட்வர்ட்ஸ் பந்தோடு இடது மூலையில் பாய்ந்து விழுகிறார். ஏழு பேர் கை மாறி, மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வந்த பந்து. ரக்பியின் மிகச் சிறந்த ட்ரை எது என்று கேட்டால் இன்றும் பலர் சொல்வது இதைத்தான்.

அந்த வர்ணனையை நான் ஒரு நோட்டில் சொல் சொல்லாக எழுதிப் பார்த்தேன். பேச முடியாதவனுக்கு வேறு என்ன வேலை! எழுதி முடித்ததும் தெரிந்தது, பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் வெறும் பெயர்கள். ஏழு பேரின் பெயரும் இருக்கிறது. துரத்தி வந்த ஒரு நியூசிலாந்துக்காரரின் பெயரும் இருக்கிறது. நடுவில் 'அபாரம்' என்கிற மாதிரி சில சொற்கள். அவ்வளவுதான். உவமை இல்லை, அடுக்குமொழி இல்லை. மேலே மேலே ஏறுகிற குரலும், சரியான நேரத்தில் விழுகிற பெயரும்தான். பெயர் விழுகிற அந்த இடத்தில்தான் ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் 'சீறிப் பாயும் சிறுத்தை' என்று தொடங்கியிருப்பேன். சிறுத்தையை முடிப்பதற்குள் பந்து மூன்று கை மாறியிருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த ஓட்டத்தில் இரண்டு வில்லியம்ஸ் இருக்கிறார்கள், அணிக்கு ஒருவர். ஒருவர் கழுத்தில் இன்னொருவர் கை போடுகிறார். மார்கன் இருவரையும் முழுப் பெயரோடு, அடுத்தடுத்து, பிசகாமல் சொல்கிறார். அரை நொடி வேலை.

எனக்கு இரண்டு மணிகண்டன்கள் வந்தார்கள். சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு மாவட்ட அளவிலான கபடிப் போட்டி. இரண்டு அணியிலும் ஒரு மணிகண்டன். கடைசி ரெய்டில் கணுக்காலைப் பிடித்து ஆட்டத்தை முடித்த பையனின் பெயரைச் சரியாகத்தான் சொன்னேன், ஆனால் ஊரை மாற்றிச் சொல்லிவிட்டேன். தோற்ற அணியின் ஊர் அது. ஆட்டம் முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். லுங்கி, கையில் போன். "தம்பி, பிடிச்சது எம்புள்ள. அவங்க அம்மா வீட்ல கேட்டுட்டு இருந்தா. நீங்க வேற ஊர் பேரு சொல்லிட்டீங்க" என்றார். கோபமே இல்லை. மன்னிப்புக் கேட்டேன், சரி பரவாயில்லை என்று போய்விட்டார். பதிவில் அது அப்படியே இருக்கிறது. திருத்த வழியில்லை.

அன்று உடம்பு சரியில்லாமல் போன மக்லாரனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்தின் ஹாயிக் ஊர்க்காரர். அவரும் ஆட்டக்காரர்தான். தேசிய அணிக்கான தேர்வு ஆட்டம் வரை போனவரைக் காசநோய் வீழ்த்தியது. சானடோரியத்தில் 19 மாதம். அப்போது சோதனையில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை ஐந்து பேருக்குக் கொடுத்ததில் பிழைத்த இருவரில் அவர் ஒருவர். அந்த மருத்துவமனையின் உள் வானொலியில் டேபிள் டென்னிஸுக்கு வர்ணனை சொன்னதுதான் அவருடைய தொடக்கம். பிற்காலத்தில் வீரர்களின் எண்களை அட்டைகளில் எழுதி, சீட்டுக் கட்டு மாதிரி கலைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பெயர் சொல்லிப் பழகுவார். பயிற்சி நடக்கும் இடத்துக்கே போய் முகங்களைப் பார்த்துவைப்பார். ஐம்பது வருஷம் பேசிய மனிதர் கடைசி வரை வீட்டுப்பாடம் செய்தார்.

மார்கன் பிறகு பிபிசியின் வெளிப்புற ஒளிபரப்புத் துறைக்கே தலைவரானார். 1981இல் சார்லஸ், டயானா திருமணத்தை உலகமே பார்த்தது அந்தத் துறையின் உழைப்பில்தான். 1987க்குப் பின் வானொலிக்குத் திரும்பி, சனிக்கிழமைக் காலைகளில் விளையாட்டைப் பற்றிப் பேசினார். எனக்குப் பிடித்த மார்கன் இந்த வானொலி மார்கன்தான், அவசரமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். முதுமையில் அதே குரலுக்குப் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். 2013 ஆகஸ்டில், 83ஆம் வயதில் காலமானார்.

ஏழாவது வாரம் டாக்டர் சிறிய விளக்கைத் தொண்டைக்குள் காட்டிப் பார்த்துவிட்டு, "ஏதாவது பேசுங்க" என்றார். மனைவியின் பெயரைச் சொன்னேன். குரல் உடைந்துதான் வந்தது.

இப்போது ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுகிறேன். வெற்று அட்டைகள் 24, ஒரு மார்க்கர். ஒவ்வொரு பையனிடமும் பெயர், இனிஷியல், ஊர் கேட்டு எழுதுகிறேன், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்றும் கேட்கிறேன். போன வாரம் ஒரே அணியில் அண்ணன் தம்பி இருவர், ஒரே மீசை, ஒரே உயரம். "ஓடும்போது உங்களை எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கறது?" என்றேன். தம்பி இடது முழங்காலைக் காட்டினான். நீல நிற முழங்கால் பட்டை. அட்டையில் எழுதிக்கொண்டேன்.