பட்டம் பெறும் நாளுக்கு வீட்டாரை ஆயத்தம் செய்தல்

கும்பகோணத்திலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகக் கல்லூரியின் பட்டமளிப்பு விழாக் குழுவிலும் இருக்கிறேன். மேடை, பந்தல், அங்கி, சிறப்பு விருந்தினர் என்று ஒவ்வொன்றையும் கவனிக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாணவர்களின் வீட்டாரோடு பேசும் பணியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் என் அப்பா.

நான் இளங்கலைப் பட்டம் பெற்ற அன்று அவர் விடியற்காலையில் வயலுக்குப் போய் மடையைத் திருப்பிவிட்டு, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு, இரண்டு பேருந்து ஏறிக் கல்லூரி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால். ஒன்பதரை மணிக்குள் அரங்கில் அமர்ந்துவிட வேண்டும் என்று அழைப்பிதழின் அடியில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதை நான் வீட்டில் படித்துச் சொல்லவில்லை. கதவைச் சாத்திய பிறகு யாரையும் உள்ளே விடுவதில்லை என்று காவலர் சொல்ல, அப்பா எதிரே இருந்த தேநீர்க் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் என் பெயர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டது என்றுதான் என்னிடம் சொன்னார். அந்த ஒலிபெருக்கியின் சத்தம் அந்தக் கடை வரைக்கும் எட்டுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மாணவர்களுக்கு ஒத்திகை உண்டு. எந்தப் பக்கத்துப் படியில் ஏற வேண்டும், எந்தக் கையால் வாங்க வேண்டும், எந்தக் கோட்டில் நின்று வணங்க வேண்டும் என்றெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். அவர்களைப் படிக்கவைத்த வீட்டாருக்கு எந்த ஒத்திகையும் இல்லை. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் முதல் பட்டதாரிகள். தொழிற்கல்விக் கட்டணச் சலுகைக்காக 2010இல் அரசு பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த அந்தச் சொல், கலைக் கல்லூரிப் பிள்ளைகளின் வீடுகளிலும் இன்று பெருமையோடு புழங்குகிறது. முதல் பட்டதாரியின் வீடு என்றால், இப்படி ஒரு விழாவுக்கு இதற்கு முன் போய்வந்தவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை என்றுதான் பொருள். ஆகவே விழாவுக்கு மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்றோரைக் கல்லூரிக்கு வரச் சொல்லி, அதே அரங்கில், அவர்கள் அமரப்போகும் அதே நாற்காலிகளில் உட்காரவைத்துப் பேசுகிறேன்.

அங்கே எழும் முதல் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் ஒன்றுதான்: "நாங்க உள்ள வரலாங்களா சார்?" இந்தக் கேள்விக்கு அழைப்பிதழ் விடை சொல்வதில்லை, ஒருவர் நேரில் நின்று சொன்னால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வருகிறது. எங்கள் பக்கத்தில் யாரும் இதுவரை பட்டம் வாங்கியதில்லையே என்று தயங்குபவர்களிடம் நான் ஒரு செய்தியைச் சொல்வேன். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இரண்டே பேர். இருவரும் கடல் கடந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுள் ஒருவர்தாம் பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் வீட்டிலும் அவருக்கு முன் பட்டம் வாங்கிய எவரும் இல்லை என்று சொன்னதும் அரங்கில் இறுக்கம் சற்றுக் குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

விழாவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே வீட்டார் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: பெயரைச் சரிபார்ப்பது. பட்டச் சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகும். அது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். தலைப்பெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் பின்னாளில் கடவுச்சீட்டு எடுக்கும்போது பெரிய சிக்கலாக வந்து நிற்கும். விண்ணப்பத்தை நிரப்பியதும் வீட்டுக்கு எடுத்துப்போய் எல்லோரும் இருக்கும்போது காட்டிவிட்டு வரும்படி மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி அப்படிக் கொண்டுபோனபோது, பத்தாம் வகுப்பு படிக்கும் அவளுடைய தம்பி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அக்கா, உன் பேருல ழ-வுக்குப் பதிலா ள இருக்கு" என்றிருக்கிறான். பெயரின் கடைசியில் வரும் 'விழி', கணினியில் தட்டச்சு செய்தபோது 'விளி' ஆகியிருந்தது. விழி கண், விளி அழைப்பு. மூன்று ஆண்டு தமிழ் இலக்கியம் படித்தவளும், அவளுக்குப் பாடம் நடத்திய நானும் கவனிக்காமல் விட்டதை அந்தப் பையன் பிடித்தான். அச்சாகும் முன்பு என்றால் ஒரு கடிதத்தில் முடிந்துவிடும்; அச்சான பிறகு கட்டணம், உறுதிமொழிப் பத்திரம், அலைச்சல் என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

விழா எப்போது வரும் என்பதையும் வீட்டார் சரியாக அறிந்திருக்க வேண்டும். தகுதி பெற்ற 180 நாள்களுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. நடைமுறையில், சித்திரையில் தேர்வு எழுதி முடித்த பிள்ளைக்கு அடுத்த ஆண்டுதான் விழா வாய்க்கிறது என்பதும் உண்டு. அதுவரை தற்காலிகச் சான்றிதழும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் வேலைக்கும் மேற்படிப்புக்கும் போதும் என்பதால் அவற்றை உடனே வாங்கிவிடச் சொல்கிறேன். நூலகத்துக்கு ஒரு புத்தகம் பாக்கி என்பதற்காக மாற்றுச் சான்றிதழை வாங்காமலேயே விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இந்த இடைவெளியில் பிள்ளைகளின் வாழ்க்கை வேகமாக மாறிவிடுகிறது. ஒருவன் திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் இருப்பான், விடுப்பு கிடைக்காது. ஒருத்திக்குத் திருமணம் ஆகியிருக்கும். உண்மையில் கடினமானது இதுதான். ஒரு மாணவருக்கு இரண்டு அழைப்பு அட்டைகள். மணமான பெண்ணுக்கு அந்த இரண்டு அட்டைகளை யாருக்குக் கொடுப்பது என்பது பெரிய கேள்வியாகிவிடுகிறது. கணவருக்கும் மாமியாருக்கும் கொடுத்தால் படிக்கவைத்த அம்மா வெளியே நிற்பார். பெற்றோருக்குக் கொடுத்தால் புகுந்த வீட்டில் வருத்தம். இதை அந்தப் பெண் ஒருத்தியே தீர்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது நியாயமில்லை. அதனால் முதல்வரிடம் பேசி, மணமான மாணவிகளுக்கு நான்கு அட்டைகள் என்று ஐந்தாண்டுகளுக்கு முன்பு வழக்கப்படுத்தினோம். அரங்கின் பின்வரிசையில் நாற்பது நாற்காலிகள் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கைக்குழந்தையோடு வருபவர்களுக்குப் பக்கத்து வகுப்பறை ஒன்றைத் திறந்து, தொட்டில் கட்டக் கொக்கியும் கயிறும் வைத்திருக்கிறோம்.

வர முடியாதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேரில் வராமல் விண்ணப்பித்துப் பெறும் பட்டமும் அதே பட்டம்தான். மதிப்பில் இம்மியும் குறைவு இல்லை. சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் விழா வந்தால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது இந்தப் பகுதியில் எளிய காரியம் அன்று. வயிற்றுப்பாட்டுக்காக வராமல் இருப்பவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தேதி முடிவாகும் கூட்டத்தில் அறுவடை நாள்களைத் தவிர்க்கும்படி நான் வாதாடுவது அதனால்தான். சில ஆண்டுகள் கேட்கிறார்கள்.

செலவைப் பற்றிப் பெற்றோர் கூச்சத்தால் கேட்பதில்லை. நானே ஆரம்பித்துவிடுகிறேன். அங்கிக்கு வாடகையும் முன்பணமும் உண்டு. முன்பணம் திரும்பி வரும். புகைப்படம் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பட்டுப்புடவை தேவையே இல்லை. மகள் மேடை ஏறுவதற்காகக் குழுக் கடன் எடுத்துப் பட்டு வாங்கிய ஒரு தாயை நான் அறிவேன். வாரத் தவணை கட்டி முடிக்க அவருக்கு ஓராண்டு ஆயிற்று. அங்கியை மாட்டிய பிறகு புடவையில் நான்கு விரற்கடை கொசுவம்தான் வெளியே தெரியும். பருத்திப் புடவையே நல்லது. அங்கிக்குள் மூன்று மணி நேரம் வேர்த்துக்கொண்டு உட்கார வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வந்த ஆயிரம் ரூபாயில் கொஞ்சம் சேர்த்து, தனக்கு ஒரு சுங்குடிப் புடவையும் அப்பாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டையும் எடுத்துக்கொண்டு வந்த மாணவியை அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உதாரணமாகச் சொல்கிறேன்.

அங்கியோடு தரும் கழுத்துப்பட்டை பின்பக்கமாகச் சரிந்து தொண்டையை இறுக்கும். ஆண்கள் அதன் முன்புறத்து நாடாவைச் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொள்ளலாம். பெண்கள் இரண்டு தோளிலும் ஊக்கு குத்திக்கொள்ள வேண்டும். இதை அம்மாக்களிடம் சொல்லிவிட்டால் போதும். விழாவன்று ஆளுக்கு அரை டஜன் ஊக்கு கொண்டுவந்து, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துக் குத்திவிடுகிறார்கள். ஒருமுறை திருபுவனத்தைச் சேர்ந்த நெசவாளர் ஒருவர், மகன் கையில் வைத்திருந்த அங்கியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது தறியில நெஞ்ச துணி இல்லீங்களே" என்றார். பட்டமளிப்பு விழாக்களில் கைத்தறி ஆடை அணியலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2015இலும் 2019இலும் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டதை அவரிடம் சொன்னேன். தறியில் உட்கார்ந்து மகனைப் பட்டதாரி ஆக்கியவர் அவர். அந்த மகன் கைத்தறி அணிந்து மேடை ஏற வேண்டும் என்று எனக்கும் ஆசை; எங்கள் கல்லூரியில் அது இன்னும் நடக்கவில்லை.

விழா நாளின் வரிசையை ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். ஊர்வலம் அரங்கில் நுழையும்போது எழுந்து நிற்க வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடல் ஆனது. அதற்கும், முடிவில் நாட்டுப்பண்ணுக்கும் நிற்க வேண்டும். நிற்க இயலாத மாற்றுத்திறனாளிகள் அமர்ந்தே இருக்கலாம். சிறப்பு விருந்தினரின் உரை நீளும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரையையும் இரண்டு பிஸ்கட்டையும் மடியில் வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் பதினொன்றரைக்கு முன்பு வெளியே போய்த் திரும்ப வழி இருக்காது.

அந்தத் தாளில் நான் மிகவும் கருத்தோடு எழுதுவது துறைகளின் வரிசையைத்தான். ஒரு மாணவர் மேடையில் நிற்கும் நேரத்தை நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்: ஆறு நொடி, மிஞ்சினால் ஏழு. பெயர் ஒலித்து, நடந்து, வாங்கி, வணங்கி, இறங்கிவிடுகிறார்கள். பெயரை வாசிப்பவர் தலைப்பெழுத்தோடு வேகமாகச் சொல்வதால், பெற்ற தாய்க்கே தன் பிள்ளையின் பெயர் பிடிபடாமல் போவது உண்டு. வணிகவியல் முடிந்ததும் தமிழ், தமிழில் உங்கள் மகள் பதினேழாவது என்று முன்பே குறித்துக் கொடுத்துவிட்டால், எழுத்து தெரியாதவரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு காத்திருப்பார். போன ஆண்டு ஓர் அம்மா புடவைத் தலைப்பில் பதினேழு புளியங்கொட்டைகளை முடிந்து கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கொட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டே வந்தார். கடைசிக் கொட்டை கையில் இருந்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். பின்வரிசையில் இருந்த எவரும் உட்காரச் சொல்லவில்லை.

பட்டம் வீட்டுக்கு வந்த பிறகும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் பலர் அன்று மாலையே லேமினேஷன் கடைக்குப் போய்விடுகிறார்கள். அது வேண்டாம். இந்தப் பகுதிப் பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள். வெளிநாட்டுக்காகச் சான்றொப்பம் பெறும்போது மூலச் சான்றிதழின் மேலேயே முத்திரை இட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் ஒட்டிய தாளில் அதற்கு வழியில்லை; பிரித்தெடுக்கப் போனால் எழுத்து உரிந்துவரும். ஒரு நெகிழி உறையில் மடிக்காமல் வைத்து, இரும்புப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தால் போதும். டிஜிலாக்கரில் கிடைத்தால் ஒரு படியும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆண்டு விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வராத வீடுகள் இருபத்து மூன்று. அவற்றில் இருபது வீடுகளோடு தொலைபேசியில் பேசிவிட்டேன். மீதி மூன்றில் ஒருவர் கேரளத்தில் கட்டட வேலையில் இருக்கிறார். இரவு எட்டு மணிக்கு மேல்தான் அவர் கைப்பேசியை எடுப்பாராம். இன்று அழைக்க வேண்டும். கதவைச் சாத்தும் நேரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.