பார்மாடவுனில் அப்பா நடந்த நடை

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து க்ளீவ்லாண்டில் மால்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "எல்லாம் அமேசான் வந்த வினை" என்று முடித்துவிடுகிறார்கள். பக்கத்துச் சிற்றூரான நார்த் ராண்டலில் ராண்டல் பார்க் மால் இருந்த இடத்தில் 2018 முதல் அமேசான் கிடங்கு நடக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த மால் 2009இலேயே மூடியாயிற்று. அதற்கும் பல வருஷம் முன்பே கூட்டம் வற்றிவிட்டது. காலியாகக் கிடந்த நிலத்துக்குத்தான் அமேசான் வந்தது.

1976இல் திறந்தபோது அந்த மால் 20 லட்சம் சதுர அடிக்கு மேல். ஊரின் ஜனத்தொகையோ ஆயிரத்துச் சொச்சம். ஊர் முத்திரையிலேயே இரண்டு ஷாப்பிங் பைகளை வரைந்து வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதே 1976இல் நார்த் ஓல்ம்ஸ்டெட்டில் கிரேட் நார்தர்ன் மால், 1977இல் யூக்ளிட் ஸ்கொயர், 1978இல் பீச்வுட் பிளேஸ், 1996இல் ஸ்டிராங்ஸ்வில்லில் சவுத்பார்க். அத்தனையும் க்ளீவ்லாண்ட் இருக்கும் ஒரே கயஹோகா கவுண்டிக்குள் (நம் மாவட்டம் மாதிரி). 1970இல் இந்தக் கவுண்டியில் 17 லட்சம் பேர் இருந்தார்கள்; 2020 கணக்கெடுப்பில் 12.6 லட்சம். வேலை போய் ஜனம் கிளம்பிக்கொண்டே இருந்தது, மால் மட்டும் முளைத்துக்கொண்டே இருந்தது. புதிதாக ஒன்று திறந்தால் பழைய ஒன்றில் ஆள் குறையும், அவ்வளவுதான் கணக்கு.

ஒரு மால் சரிய ஆரம்பித்தால் ஏன் அவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு மூலையிலும் சியர்ஸ், மேசீஸ் மாதிரி பெரிய கடைகள் இருக்கும். அவர்களிடம் வாடகை பெரிதாக வராது. சொந்தக் கட்டடத்திலேயே இருப்பதும் உண்டு. அவர்களைப் பார்க்க வரும் கூட்டத்தை நம்பி நடுவில் இருக்கும் சின்னக் கடைக்காரர்கள்தான் நல்ல வாடகை கொடுப்பவர்கள். அவர்களுடைய ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒரு விதி இருக்கும்: பெரிய கடை மூடினால் வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு கிளம்பலாம். ஆக, ஒரு மூலை இருண்டால் நடுவிலும் வருமானம் போய்விடும். வருமானம் போனால் கூரை ஒழுகினாலும் பழுதுபார்க்க ஆள் இல்லை. 2018இல் சியர்ஸ் திவாலானபோது நாடு முழுக்க பல மால்களில் நடந்தது இதுதான்.

சரி, கடைகள் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. சட்டை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். எனக்கு வருத்தம் பார்மாடவுன் மால் போனதில்தான்.

க்ளீவ்லாண்டை ஒட்டிய பார்மாவில் ரிட்ஜ் ரோட்டில் சிவ விஷ்ணு கோயில் இருக்கிறது. அங்கிருந்து காரில் ரொம்பப் பக்கம் பார்மாடவுன். எனக்குப் பெண் பிறந்த குளிர்காலத்தில் அப்பா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். ஊரில் விடிகாலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறவர். இங்கே ஜனவரியில் வாசலில் ஐஸ், நடைபாதையே இல்லாத தெரு. பத்து நாளில் மனிதர் சோர்ந்துபோய் ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தார். அப்புறம்தான் யாரோ சொன்னார்கள், மாலில் கடை திறப்பதற்கு முன்பே கதவைத் திறந்துவிடுகிறார்கள், வயசானவர்கள் நடக்கலாம் என்று.

மறுநாளிலிருந்து அப்பா மஃப்ளரும் குரங்குக் குல்லாவுமாக அங்கே ஆஜர். பிரகாரம் சுற்றுவதுபோல ஷட்டர் போட்ட கடைகளை வலமாகவே சுற்றி வருவார். பார்மாவில் உக்ரேனியர்கள் நிறைய. அப்படி ஒரு தாத்தா அவருக்குக் கூட்டாளி ஆனார். இருவருக்கும் பொதுவான ஆங்கிலம் மிஞ்சிப்போனால் முப்பது வார்த்தை. நடந்து முடித்துத் தொட்டிச் செடிக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலைத் தட்டிக் காட்டி ஆளுக்கு ஆள் வலியைச் சொல்லிக்கொள்வார்கள். ஒரு நாள் அப்பா வேஷ்டித் துண்டில் முடிந்து சுக்குப்பொடி கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தத் தாத்தா பதிலுக்குக் கொடுத்த கரும்பழுப்பு ரொட்டியை வீட்டில் அவரைத் தவிர யாரும் சாப்பிடவில்லை.

2010-களில் அந்த மாலின் உள்கூடத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அது ஷாப்ஸ் அட் பார்மா. வெளியிலிருந்தே ஒவ்வொரு கடைக்கும் தனி வாசல். கார், கடை, கார். வியாபாரம் நன்றாகவே நடக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பிப்ரவரியில் ஒரு கிழவர் அங்கே நடக்க முடியாது.

யூக்ளிட் ஸ்கொயரைப் பாருங்கள். கடைகள் காலியான பிறகு அந்த இடங்களைச் சின்னச் சின்ன சர்ச்சுகள் வாடகைக்கு எடுத்தன. கடைசிக் காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சபைகள். ஜனங்களுக்குத் தேவைப்பட்டது கூரையும் ஹீட்டரும் உள்ள ஒரு கூடம். 2016இல் கட்டடம் பத்திரமில்லை என்று மூடினார்கள். இன்று அங்கேயும் அமேசான்தான்.

பழைய மால்களை இடித்து அடுக்குமாடி கட்டட்டும், ஆஸ்பத்திரி கட்டட்டும். அதற்கு அனுமதி கொடுக்கும் நகர சபைகள், காசு கேட்காமல் குளிரில் நடக்கக் கட்டடத்துக்குள் ஒரு நடைபாதை வேண்டும் என்று நிபந்தனை போடலாம். பெரிய செலவில்லை. நம் நகரத்துக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள்; அடுத்த திட்டம் வரும்போது நான் போய்க் கேட்கப்போகிறேன். இந்த வருஷம் பெற்றோரை அழைக்கிறவர்கள் யாராவது கூட வந்தால் நன்றாக இருக்கும்.