ஸ்னேர் மைக்கில் கிட்டார் கேட்டால் பதற வேண்டாம்

1963 பிப்ரவரி 11 அன்று லண்டன் அபே ரோட்டிலுள்ள இஎம்ஐ ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிந்தார்கள். டேப்பில் இருந்தது இரண்டே ட்ராக். ஒன்றில் குரல்கள், இன்னொன்றில் வாத்தியங்கள். இன்று இருபது மைக் வைத்தாலும், பேண்ட் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தால் எல்லா வாத்தியமும் எல்லா மைக்கிலும் கேட்கத்தான் செய்யும். இந்தக் கசிவை ஒழிக்க முடியாது. காதுக்கு இனிய கசிவாக்க முடியும், அதற்கான வேலை முழுக்கப் பதிவுக்கு முன்னால்தான்.

முதலில் ட்ரம்ஸ். புதுத் தோலை முந்தின நாளே மாட்டி, அடித்துப் பழக்கி ட்யூன் செய்யுங்கள். பதிவன்று மாட்டினால் நாலாவது டேக்குக்குள், அதாவது நாலாவது முறை வாசித்துப் பதிவதற்குள், சுருதி இறங்கிவிடும். ட்ரம்ஸுக்கு மேலே வைக்கும் இரண்டு ஓவர்ஹெட் மைக்கும், ஸ்னேரின் (அடியில் கம்பி கட்டிய ட்ரம்) நடுவிலிருந்து ஒரே தூரத்தில், சுமார் ஒரு மீட்டரில் இருக்கட்டும். கண்ணளவு போதாது, கயிறு பிடித்து அளந்துவிடுங்கள். ஒன்று 17 செ.மீ. தள்ளிப்போனாலே ஒலி அரை மில்லிசெகண்ட் பிந்தும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் கேட்டால் 1000 ஹெர்ட்ஸ் பக்கம் குழி விழுந்து ஸ்னேர் சதையில்லாமல் ஒலிக்கும். எந்த ஈக்யூவும் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அதை மீட்காது.

முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் கார்டியாய்ட் மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். முன்னும் பின்னும் கேட்கும் எட்டு வடிவ மைக்குக்கு இரண்டு விலாவும் மந்தம். கிட்டார் மைக்கின் அந்த மந்தப் பக்கம் ட்ரம்ஸை நோக்கும்படி, கிட்டார் ஆம்பைத் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) திருப்பி வையுங்கள். ஸ்டுடியோவுக்கு 15 வாட் வால்வு ஆம்ப் தாராளம். பேஸ் கிட்டாரை டிஐ வழியாக, அதாவது மைக் இல்லாமல் நேராக ஒயரில் எடுத்து, ஆம்பை அடுத்த அறைக்குத் தள்ளலாம். அறையிலேயே இருந்தால் சில சுரங்களுக்கு ஸ்னேர் கம்பி தானாகக் கிறுகிறுக்கும். ஸ்னேரின் சுருதியைக் கொஞ்சம் மாற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

அதிகம் பேர் சறுக்குவது குரலில். பாடகர் அதே அறையில் நின்று, ‘இது சும்மா வழிகாட்டத்தான்’ என்று பாடுவார். பிறகு வேறு அறையில் நன்றாகப் பாடிச் சேர்த்தாலும், பழைய குரல் ஓவர்ஹெட்டில் பேய்போல ஒட்டிக்கொண்டிருக்கும். அறையில் பாடினால் அதுவே இறுதிக் குரல் என்று முடிவெடுங்கள். இல்லையென்றால் தனி அறை.

ஹெட்ஃபோன் காதை மூடும் வகையாக இருக்க வேண்டும். பாட்டின் கடைசி சிம்பல் அடித்ததும் ஹெட்ஃபோனில் ஓடும் தாளக் கிளிக்கை நிறுத்திவிடுங்கள், அந்த அமைதியில் அது பளிச்சென்று பதியும். சோதனையில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். நிஜ டேக்கில் எல்லாரும் ஓங்கித்தான் வாசிப்பார்கள்.

ஒரு கிட்டார் தவறை மட்டும் தனியாக மாற்ற முடியாது, அது ட்ரம் மைக்குகளிலும் இருக்கிறது. சரணத்தை முழுதாக இன்னொரு டேக்கிலிருந்து எடுத்து, காலால் அடிக்கும் கிக் ட்ரம் விழும் இடத்தில் ஒட்டுங்கள். அங்கே முந்தைய சிம்பலின் ரீங்காரம் நீண்டு நின்றால் ஒட்டு காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பார் (தாளச் சுற்று) முன்னதாகவே வெட்டிப் பாருங்கள்.